கலங்கல் தெளிந்தால் பாதிப்பு முடிந்துவிடாது
கழிமுகத்தைத் தூர்வாரினால் நீர் தானாகவே தூய்மையாகும், கலங்கல் தெளிந்ததும் பாதிப்பும் முடிந்துவிடும் என்று பலர் சொல்வது பாதி உண்மைதான். அடைபட்ட முகத்துவாரம் திறந்தால் ஓதநீர், அதாவது கடல் ஏறி இறங்கும்போது வரும் நீர், வந்துபோவது சீராகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அலையாத்திக் காட்டுச் சேற்றில், ஆக்சிஜன் இல்லாத சூழலில் உருவான இரும்பு சல்பைடு (இரும்பும் கந்தகமும் சேர்ந்த சேர்மம்) பெரும்பாலும் தங்கியிருக்கும். கிளறப்படும்போது அது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைக்கிறது, வாரிய சேற்றைக் கரையில் குவித்துக் காயவிட்டாலோ காற்றுப்பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்குகிறது, அந்த அமிலம் மழையோடு மீண்டும் கழிமுகத்துக்கே வந்து சேர்கிறது. தெளிந்த நீரைக் கண்ணால் பார்த்து இதை அறிய முடியாது. அதே சேற்றை வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் (காற்றை உள்வாங்கச் சேற்றுக்கு மேல் நீட்டி நிற்கும் வேர்கள்) மூடும்படி கொட்டினால், மரங்களே பட்டுப்போகக்கூடும். எனவே கலங்கல் அளவோடு அமிலத்தன்மையையும் கரைந்த ஆக்சிஜனையும் பணிக்கு முன்பும், பணியின்போதும், முதல் மழைக்குப் பின்பும் அளந்தாக வேண்டும்.