படகில் எண் இருந்தால் வலைக்கு உரியவர் தெரிந்துவிடுவாரா?
மீன்பிடி படகில் பதிவு எண் இருந்தாலே போதும், வலைக்குத் தனி அடையாளம் வீண் சுமை என்று இந்தக் கட்டுரையை எழுதியவர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ‘ஐஎன்டி டிஎன்’ (இந்தியா, தமிழ்நாடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று தொடங்கும் எண்ணும் தமிழகப் படகுகளுக்குரிய பச்சை வண்ணமும் கடலில் படகைத்தான் காட்டிக்கொடுக்கும். மாலையில் விரித்துவிட்டு விடியலில் எடுக்க வரும்வரை ஆளில்லாமல் கிடக்கும் செவுள் வலையை, அதாவது மீனின் செவுள் கண்ணியில் மாட்டும்படி நீரில் விரிக்கும் வலையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. கடலே இல்லாத எங்கள் கொங்குப் பகுதியிலும் இதே சிக்கல் உண்டு. பவானிசாகர் அணையில் நீர் வற்றும் கோடையில், மூழ்கிக் கிடந்த மரத்தூர்களில் சுற்றிய நைலான் வலைகளையும், அவற்றின் கண்களில் செவுள் மாட்டிக் காய்ந்துபோன மீன்களையும் கண்டிருக்கிறேன். மிதவையாகக் கட்டிய தண்ணீர் பாட்டிலில் ஓர் எழுத்துகூட இல்லை. நைலான் மட்காது என்பதால் கைவிட்ட வலை நீருக்குள் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். உலக உணவு வேளாண்மை அமைப்பு 2018இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் வலைக்கும் அடையாளம் கோருவது இதனால்தான். ஏழை மீனவருக்கு இது செலவு என்று மேலே கருத்திட்ட வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கவலை நியாயமானது, ஆனால் படகின் அல்லது பரிசலின் எண்ணைச் சூட்டுக்கம்பியால் மிதவையில் பொறிக்கப் பெரிய செலவு ஆகாது, வலை திருடு போனால் உரிமை கோரவும் அதுவே சான்று. மிதவை அறுந்து போகக்கூடும் என்பதால், வலையின் மேல் விளிம்பில் ஓடும் கயிற்றின் இரு முனைகளிலும் அதே எண்ணுள்ள தகடு கட்டாயம் இருக்க வேண்டும்.