கம்பாட்டிபிலிட்டி மோடு டிரைவரை ஓட வைக்காது

"பழைய ஸ்கேனரின் விண்டோஸ் எக்ஸ்பி மென்பொருளைக் கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டால் விண்டோஸ் 11-இலும் ஸ்கேனர் ஓடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அந்த மோடு, புரோகிராமிடம் "இது எக்ஸ்பிதான்" என்று சொல்லி நம்ப வைக்கும், அவ்வளவுதான். கெர்னலில் (விண்டோஸின் உள்மையத்தில்) ஏறும் டிரைவரை, அதாவது ஸ்கேனரோடு பேசும் சிறு மென்பொருளை, அது தொடுவதே இல்லை. விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. எக்ஸ்பி காலத்து 32 பிட் கெர்னல் டிரைவரை அது ஏற்றாது. டிரைவர் நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்று விண்டோஸ் பார்க்கும் கையொப்பச் சோதனையை நிறுத்திப் பார்த்தாலும் இதே கதைதான். அது கையொப்பமில்லாத 64 பிட் டிரைவருக்குத்தான் உதவும்.

என் வீட்டு ஸ்கேனரிலேயே பார்த்தேன். மென்பொருள் அழகாகத் திறந்தது. பிரிவியூவை அழுத்தியதும் "ஸ்கேனர் கிடைக்கவில்லை"; டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். கடைசியில் வர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) 32 பிட் எக்ஸ்பி போட்டு, யூஎஸ்பியை அதற்குள் திருப்பிவிட்டேன். அப்புறம்தான் கண்ணாடிக்குக் கீழே விளக்கு நகர்ந்தது. அந்த எக்ஸ்பிக்கு மட்டும் இணையம் கொடுக்காதீர்கள். அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன.

லினக்ஸ் பழக்கம் இருந்தால், முதலில் சேன் (SANE, லினக்ஸில் ஸ்கேனர்களை இயக்கும் மென்பொருள்) பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம்.