பயந்துகொண்டு எழுதுவது ரிஃப்ளெக்‌ஷன் இல்லை

பயிற்சி கொடுக்கும் மூத்த மருத்துவர்களே, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நடந்தது பலருக்கும் தெரியும். முழுக்கதையும் வேண்டாம். ஒரு பயிற்சி மருத்துவர், தான் செய்ததை யோசித்துப் பார்த்து லாக்புக் என்ற பயிற்சிக் குறிப்பேட்டில் எழுதிய ரிஃப்ளெக்‌ஷனை எல்லோர் முன்னாலும் வாசித்துச் சிரித்தீர்களே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அவர் எழுதியது இதுதான்: "பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. சீனியரை எழுப்பினால் திட்டுவார் என்று இருபது நிமிடம் தயங்கினேன்." யாருக்குப் பயந்தாய், ஏன் பயந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் அடுத்த நோயாளிக்காவது உதவியிருக்கும். சிரித்தீர்கள். இனி அவர் "தகவல் தொடர்பின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்" என்று எழுதுவார். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். உண்மை எழுதினால் அவமானம் என்றால் பொய்தான் வரும்.

"நாங்கள் இதெல்லாம் எழுதியா டாக்டர் ஆனோம்?" என்கிறார்கள். சரி, எழுதவில்லை. ஆனால் என் கண்முன்னே முதல் நோயாளி இறந்த இரவில், எங்கள் யூனிட் மேடம் கேஸ் ஷீட்டை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன பார்த்தாய்? அப்போது என்ன நினைத்தாய்? நாளைக்கு இதே மாதிரி வந்தால் முதலில் என்ன செய்வாய்?" திட்டவே இல்லை. வேலையின் நடுவே யோசிப்பது, முடிந்தபின் யோசிப்பது என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-லேயே பிரித்து எழுதியதை நான் படித்தது ரொம்பப் பிற்பாடு. மேடத்திடம் அதற்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டேன்.

நேரமில்லை என்பவர்களுக்குப் பதில் இல்லை. சிரிக்க நேரம் இருந்ததே.

எழுதியதே கோர்ட்டில் மாட்டிவிடும் என்ற பயம் மட்டும் நியாயமானது. பிரிட்டனில் 2011-ல் ஆறு வயதுச் சிறுவன் செப்சிஸ் என்ற கடுமையான நோய்த்தொற்றுப் பாதிப்பில் இறந்த வழக்கில், ஒரு பயிற்சி மருத்துவர் 2018-ல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு மேல்முறையீட்டில் திரும்பச் சேர்க்கப்பட்டார். அவருடைய போர்ட்ஃபோலியோவில், அதாவது பயிற்சிக் கோப்பில், யோசித்து எழுதியிருந்த குறிப்புகள் ஜூரி முன் வைக்கப்படவே இல்லை. ஆனாலும் வைத்தார்கள் என்று பரவிய பேச்சிலேயே இளம் மருத்துவர்கள் எழுதப் பயந்தார்கள். நடந்தது கேஸ் ஷீட்டில் இருக்கட்டும். பெயரும் அடையாளமும் இல்லாமல், கற்றதை மட்டும் ரிஃப்ளெக்‌ஷனில் எழுதச் சொல்லுங்கள். அதைச் சொல்லித்தர வேண்டியது நாம்தானே?

எனக்கு இன்னும் ஆறவில்லை. நோயாளியிடம் கனிவாகப் பேசு என்று வகுப்பெடுக்கிறோம். வெள்ளிக்கிழமை அந்தப் பயிற்சி மருத்துவரிடம் யார் கனிவாகப் பேசினோம்?

இப்படி எழுதுவதற்கு மதிப்பெண் வேறு. ஒரு மரணத்தைப் பற்றி எழுதிய பக்கத்தில் சிவப்பு மையில் பத்துக்கு ஆறு என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த நாலு எதற்காகக் குறைந்தது என்று போட்டவர் சொல்லட்டும்.