ஆர்.டி.யில் 840 ரூபாய் வட்டி வராது

ஆர்.டி. என்பது வங்கியில் மாதாமாதம் ஒரு தொகை கட்டும் சேமிப்பு. "பிள்ளைங்க மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போட்டா, 7% வட்டியில வருஷக் கடைசியில 12,840 கிடைக்கும்" என்று சிலர் போடும் கணக்கு தவறு. முதல் தவணைக்கு மட்டும்தான் 12 மாத வட்டி, அதாவது 70 ரூபாய். கடைசித் தவணை ஒரே மாதம்தான் வங்கியில் இருக்கும். அதற்கு 6 ரூபாய்கூடத் தேறாது. பன்னிரண்டையும் கூட்டினால் 455, காலாண்டுக் கூட்டுவட்டியோடு சுமார் 462. பிள்ளையையே 12 வரியாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை.

இந்தப் பிழை நாளைக்குக் கடன் வாங்கும்போதுதான் கையைக் கடிக்கும். 12 மாதத் தவணையில் வாங்கும் 12,000 ரூபாய் போனுக்கு '7% ஃப்ளாட் வட்டி' என்று, அதாவது வருஷம் முழுக்க மொத்த அசலுக்கும் கணக்கிட்டு, 840 வாங்குவார்கள். அசல் மாதாமாதம் குறைவதால் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 13%. கையெழுத்துப் போடும் முன் "ஃப்ளாட்டா, டிமினிஷிங்கா (மீதி அசலுக்கு மட்டும் வட்டியா)?" என்று கேட்க இப்போதே பழக்குங்கள்.