முதல் எழுத்து என்ன?

நேற்று மகள் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு பிடிஎஃப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "எங்கேம்மா சேவ் பண்ணினே?" என்றேன். "போன்லதான்ப்பா." "போன்ல எங்கே?" என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தேடினால் வரும், வராவிட்டால் தோழியை மறுபடி அனுப்பச் சொல்லலாம். அவ்வளவுதான் அவளுக்கு ஃபைல்.

விண்டோஸ் பரவுவதற்கு முன், கட்டளைகளைத் தட்டியே கம்ப்யூட்டரை ஓட்டிய டாஸ் காலத்து ஆட்கள் பழம்பெருமை பேச ஆரம்பித்தால் எனக்கே கொட்டாவி வரும். அது ஒன்றும் பொற்காலமில்லை. 1993இல் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போக வேண்டும். (தூசியோடு வைரஸும் வந்துவிடும் என்று நம்பியவர்கள் எங்கள் பேட்ச்சிலேயே இருந்தார்கள்.) கையில் ஃபைல்களைச் சேமிக்க ஐந்தேகால் இன்ச் ஃப்ளாப்பித் தட்டு, அதில் மொத்தமே 360 கேபி இடம். ஃபைலுக்குப் பெயர் வைக்க எட்டு எழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் மூன்றெழுத்து. அதற்கு மேல் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

ஆனால் என் ஃபைல் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சாமர்த்தியம் எல்லாம் இல்லை, வேறு வழி இல்லை. கறுப்புத் திரையில் நம் கட்டளைக்காக சி ப்ராம்ப்ட் சிமிட்டிக்கொண்டு நிற்கும். நாமாக 'டிர்' என்று கேட்டால்தான் உள்ளே இருப்பதைச் சொல்லும். சொன்னதைச் செய்யும், சொன்னதை மட்டும் செய்யும்.

அந்த 'மட்டும்' என்ன விலை என்பது ஒரு மத்தியானம் தெரிந்தது. டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எழுதிய சம்பளப் பட்டியல் புராஜெக்ட், ஃப்ளாப்பி போட்ட 'ஏ' டிரைவில் இருந்தது. வேண்டாத ஃபைல்களை அழிக்கிறேன் பேர்வழி என்று 'டெல் ஸ்டார் டாட் ஸ்டார்' அடித்தேன். எல்லாவற்றையும் அழி என்று அர்த்தம். நிச்சயமா என்று கேட்டது. பழக்கதோஷத்தில் 'ஒய்' தட்டினேன். டிரைவ் விளக்கு எரிந்தது, கர்ர்ர் என்று ஒரு சத்தம், முடிந்தது. இரண்டு மாத உழைப்பு.

சார் ஓடி வந்து, "எதையும் சேவ் பண்ணாதே தம்பி, கையை எடு" என்றார். டாஸ் 5இல் 'அன்டெலீட்' என்று ஒரு கட்டளை உண்டு. அடித்தார். போன பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. எல்லாவற்றிலும் முதல் எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி. முதல் எழுத்து என்ன என்று மிஷின் என்னிடம் கேட்கிறது!

சார் அப்போதுதான் விளக்கினார். அழித்தால் டாஸ் ஃபைலைத் தொடுவதே இல்லை. பெயர்ப்பட்டியலில் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். புதிதாக ஏதாவது வந்து உட்காரும் வரை பழையது அங்கேயேதான் கிடக்கும். கேள்விக்குறி, ஐ, எல், எல் என்று ஒன்று வந்தது. "'கே' போட்டா கில் ஆயிடும், பார்த்துச் சொல்லு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'பி' என்றேன். பில் ஃபைல் திரும்பி வந்தது.

டாஸ் பிரியர்கள் வேகத்தைச் சொல்வார்கள், எளிமையைச் சொல்வார்கள். எனக்கு இதுதான். தப்பு செய்தாலும் உள்ளே என்ன நடந்தது என்பதைப் பார்க்க முடிந்தது. இப்போது போனிலிருந்து ஒரு படத்தை அழித்தால் அது கிளவுடிலிருந்தும் போனதா, அங்கே மட்டும் இருக்கிறதா என்று முப்பது வருஷமாகக் கம்ப்யூட்டரில் சோறு தின்னும் எனக்கே சட்டென்று சொல்ல வராது. அதை வசதி என்கிறார்கள். பாதி வசதிதான். மீதி, நம்மை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மகளின் பிடிஎஃப் கடைசியில் வாட்ஸப் ஃபோல்டருக்குள் கிடைத்தது. கேபிள் போட்டு லேப்டாப்பில் காட்டும்போது, "ஏன்ப்பா சி-ல ஆரம்பிக்குது, ஏ, பி எல்லாம் எங்கே?" என்று கேட்டாள். ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு ஒதுக்கியது, ஹார்டு டிஸ்க் பின்னால் வந்ததால் சி ஆயிற்று என்றேன்.

"ஃப்ளாப்பிதான் இப்ப இல்லையே?"

"இல்லை."

"அப்புறம் யாருக்காக அந்த ரெண்டு எழுத்தையும் காலியா வச்சிருக்காங்க?"