ராத்திரி ஒரு மணிக்கு எழுதிய பதினொரு வரி

நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எங்கள் சாஃப்ட்வேர் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, "அண்ணா, முடிச்சுட்டேன், மெர்ஜ் பண்ணிடலாமா?" என்று மெசேஜ் அனுப்பினார். அவர் எழுதிய கோடை (நிரலை) டீமின் பொதுவான கோடோடு சேர்த்துவிடலாமா என்று அர்த்தம். "காலையில பாத்துக்கலாம், போய்த் தூங்கு" என்று பதில் போட்டேன். அவருக்கு முகம் வாடியிருக்கும். காரணத்தை அவருக்கு எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது, அதனால் எல்லோருக்குமாக இங்கே.

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மறுநாள் ரிலீஸ். ஆர்டர் அனுப்பும் பகுதியில் அவ்வப்போது சர்வரிலிருந்து பதில் வராமல் டைம்அவுட் ஆகிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாகத் தினமும் பதினான்கு மணி நேர வேலை, கண்ணெல்லாம் எரிச்சல். ராத்திரி ஒரு மணிக்கு, பதில் வராவிட்டால் இன்னும் மூன்று தடவை அனுப்பிப் பார் என்று பதினொரு வரியில் ஒரு ரீட்ரை எழுதினேன். கோடைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். பிழை காணாமல் போனது. அப்பாடா என்று எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம்.

பதில் வரவில்லை என்றால் வேலையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன், அங்கேதான் கோட்டை விட்டேன். சர்வர் ஆர்டரைப் பதிவு செய்து முடித்திருக்கும், பதில் மட்டும் வழியில் தாமதமாகியிருக்கும், அதற்குள் என் கோட் அதே ஆர்டரை மறுபடி அனுப்ப, சர்வர் அதைப் புது ஆர்டராக நினைத்து இன்னொன்று பதிவு செய்யும். பலருக்கு இரண்டு, சிலருக்கு நான்குகூட. எது நகல், எது வாடிக்கையாளர் நிஜமாகவே இரண்டு தடவை வாங்கியது என்று லாகை, அதாவது நடந்ததையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் பதிவை, வரி வரியாகப் பார்த்துப் பிரிக்க நான்கு பேருக்கு ஒன்பது நாள் ஆனது. இதற்கான தீர்வு எளிது: அனுப்பும் முன்பே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண் கொடுத்துவிட வேண்டும், அதே எண் திரும்ப வந்தால் சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. பகலில் யாராவது கேட்டிருந்தால் நானே போர்டில் வரைந்து காட்டியிருப்பேன்.

களைத்துப்போனாலும் டைப் அடிக்கிற வேகம் குறைவதில்லை, அதுதான் ஆபத்து. "ஒருவேளை வேறு மாதிரி நடந்தால்?" என்று கேட்கிற புத்திதான் முதலில் தூங்கப்போகும். நம் வேலையே அந்தக் கேள்விதான்.

2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்ததைப் படித்துப் பாருங்கள். நியூயார்க் பங்குச் சந்தையில் அன்று ஒரு புதுத் திட்டம் தொடங்குகிறது, அதற்குள் தயாராக வேண்டும். எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய கோடை ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விட்டுப்போனது, இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை. விட்டுப்போன அந்த ஒன்றில் பல வருடமாக யாரும் தொடாத பழைய கோட் அப்படியே கிடந்தது. புது வேலைக்காக மறுபடி எடுத்துப் பயன்படுத்திய ஒரு பழைய ஃப்ளாக் (எந்தக் கோட் ஓட வேண்டும் என்று சொல்லும் சுவிட்ச் மாதிரி) அதைத் தட்டி எழுப்பிவிட்டது. 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். பழைய கோடை நீக்குகிற வேலைக்கு யாருடைய பிளானிலும் என்றைக்குமே இடம் இருந்ததில்லை, உங்கள் பிளானிலும் இருக்காது, பாருங்கள்.

அப்புறம், தாமதமானால் ஆளைச் சேர்ப்பது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான புராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. நான்கு பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய ஜோடிகள் ஆறு, எட்டுப் பேர் என்றால் இருபத்தெட்டு. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கிறவர்தான்.

சின்னச் சின்னப் படிகளாக சாஃப்ட்வேர் செய்கிற முறையை அஜைல் அஜைல் என்கிறோமே, அதற்கு 2001-இல் எழுதிய பன்னிரண்டு கொள்கைகளில் ஒன்று, இதே வேகத்தில் எத்தனை காலமானாலும் வேலை செய்ய முடிய வேண்டும் என்கிறது. தினமும் காலையில் நின்றுகொண்டு மீட்டிங் போடுவதைப் பிடித்துக்கொண்டோம், இதை விட்டுவிட்டோம். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம்.

நிதானமாகச் செய்தால் பிழைக்க முடியாது என்பவர்களுக்கு எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரைக் காட்டுவேன். 2000-இல் வந்தது, விரல் விட்டு எண்ணக்கூடிய ஒரு சின்னக் குழு. மூல கோடைப் போல சுமார் 590 மடங்கு டெஸ்ட் கோட் வைத்திருக்கிறார்கள், 2050 வரை பராமரிப்போம் என்று சொல்லியே வேலை செய்கிறார்கள். இதைப் படிக்கிற உங்கள் போனுக்குள்ளும் அது அநேகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, அந்தத் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். காலையில் இருவரும் உட்கார்ந்து அவருடைய கோடைப் பார்த்தோம். பெரிய தப்பு ஒன்றும் இல்லை, நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் பாதி படிக்கும்போது அவரே நிறுத்தி, "அண்ணா, இந்த லிஸ்ட் காலியா வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரே ஒரு டெஸ்ட் எழுதி ஓட்டினார், சிவப்பு வந்தது. மதியத்துக்குள் சரிசெய்து மெர்ஜ் பண்ணிவிட்டோம்.