உருக் இருப்பது தீகாரில் அல்ல

"ஊர், உருக், எரிது மூன்றுமே ஈராக்கின் தீகார் மாகாணத்தில்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றும் மெசொப்பொத்தேமியாவின் பழங்கால நகரங்கள். 'ஊர்' என்ற நகரமும் எரிதுவும் சரி. உருக் மட்டும் பக்கத்து மாகாணமான முத்தன்னாவில் இருக்கிறது. அந்த மாகாணத்தின் தலைநகர் சமாவா. உருக் இருந்த இடத்துக்கு இன்று வர்க்கா என்று பெயர். 2016-இல் யுனெஸ்கோ இந்த மூன்று நகரங்களையும் தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலங்களோடு சேர்த்து ஒரே பாரம்பரியக் களமாக அறிவித்தது. குழப்பம் அதனால் வந்திருக்கலாம்.

தீகாரின் தலைநகர் யூப்ரட்டீஸ் கரையிலுள்ள நசிரியா. ஊர் நகரத்தின் சிகுராட் (படிப்படியாக உயரும் கோயில் மேடை) நசிரியாவுக்குத் தென்மேற்கே, பக்கத்திலேயே இருக்கிறது. நிலக்கீல் பூசி அடுக்கிய அதன் சுட்ட செங்கற்களில் ஊர்-நம்மு மன்னனின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். அப்புறம், லகாஷ், கிர்சு, லார்சா ஆகிய பழங்கால நகரங்கள் இருப்பதும் தீகாரில்தான். அவற்றை அவர் விட்டுவிட்டாரே!